இரண்டு மேசைகள்

குத்தாய்சி நகரம், பொது மருத்துவமனை, மூன்றாம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே ரியோனி ஆறு
வெள்ளைக் கற்களைத் தேய்த்துக்கொண்டு போகிறது.
உள்ளே லமாரா இரண்டு மேசை விரிக்கிறாள்.
இடப்பக்கம் பச்சைத் துணி, வலப்பக்கம் நீலம்.
பச்சையில், கட்டியைத் தொடப்போகும் கருவிகள்.
நீலத்தில், கடைசிவரை கட்டியைக் காணாமலே
வயிற்றை மூடித் தைக்க வேண்டியவை.
நடுவே ஒரு முழ இடைவெளி.
அந்த ஒரு முழத்தைக் காப்பதுதான்
இருபத்தாறு வருடமாக அவள் உத்தியோகம்.

படுத்திருப்பவள் பிக்ரியா,
தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறவள்.
மயக்கம் ஏறுமுன் கேட்டாள்:
"இதற்குள் எங்கேயாவது கடிதம் போட்டிருக்குமா, அது?"
யாரும் பதில் சொல்லவில்லை.
எண்ணச் சொன்னார்கள்.
பத்து, ஒன்பது, எட்டோடு போய்விட்டாள்.

வெட்டிய விளிம்பில் முதலில் ஒரு பிளாஸ்டிக் வளையம்;
அதிலிருந்து இறங்கும் மெல்லிய உறை
காயத்தின் உதட்டைப் போர்த்துகிறது.
பிறகு நாளம்.
கட்டியை நெருங்குமுன்பே
அங்கிருந்து கிளம்பும் பாதையைக் கட்டிவிட வேண்டும்.
டாக்டர் ஒதார் அவசரப்படுவதில்லை.
முடிச்சுப் போடும்போது மட்டும் மூச்சை நிறுத்துவார்.
பிடிப்பதில்லை, நசுக்குவதில்லை;
இன்னும் விழித்திராத குளவிக்கூட்டை இறக்குவதுபோல
பைக்குள் இறக்குகிறார்கள்.
பையின் வாயில் சுருக்குக் கயிறு.
லமாரா இழுக்கிறாள்.

அப்போதுதான் அவர் கை நீட்டினார்:
"என் கத்தரி."
வளைந்த மூக்கு. இடக்கைக்காரருக்கென்றே செய்தது.
மருத்துவமனையில் அப்படி ஒன்றுதான்.
பச்சை மேசையில் கிடக்கிறது.
"அது தொட்டுவிட்டது."
"எதை? நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்."
"நானும்தான்."
எந்திரம் பத்துத் துடிப்பை எண்ணிச் சொல்லும்வரை
இருவரும் அசையவில்லை.

என் மொழியில் இதற்கு ஒரு சொல் உண்டு.
எழுதக் கை கூசுகிறது.
மனிதர்மேல் அதை எறிந்து எறிந்து
கிணற்றடியில், கோயில் வாசலில், டீக்கடைத் தம்ளரில்
சொல்லையே நாறடித்துவிட்டோம்.
தீட்டு.
அதற்கு நியாயமாக இருந்திருக்கக்கூடிய ஒரே இடம்
இந்த ஒரு முழம்.
இந்த இரும்பு. இந்த ஒரு மணி நேரம்.

ஒதார் கையுறையைக் கழற்றினார்.
எல்லோரும் கழற்றினார்கள். புது உறை, புது அங்கி.
நீல மேசைக் கத்தரி வலக்கைக்காரர்களுக்கானது;
புதுச் செருப்புபோல அவர் விரலைக் கடித்தது.
முணுமுணுத்துக்கொண்டே வெட்டினார்.

கடைசியாக நீர்.
உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்போம் நாம்.
இவர்களோ உப்பில்லாத நீரைத்தான் தேடி ஊற்றுகிறார்கள்.
பைக்குள் அகப்படாமல் ஒற்றைச் செல் நழுவியிருந்தால்
குடிக்கும், குடிக்கும், வீங்கி வெடித்துச் சாகும்.
நழுவியிருந்தால்.
சில நிமிடம் சும்மா நிற்கிறார்கள்.
சாகிறதா என்று பார்க்க
யாருக்கும் கண் இல்லை.

மாலை, வீட்டில் சீமைமாதுளை நறுக்குகிறாள் லமாரா.
ஒரு பக்கம் பழுப்பேறிய அழுகல்.
அதை வெட்டி எறிந்துவிட்டு,
கத்தியைத் தொட்டியில் போட்டு, வேறு கத்தி எடுக்கிறாள்.
"பழத்துக்குமா?" என்று சிரிக்கிறான் தெமூர்.
சிரிக்கட்டும்.
பாத்திரம் கழுவுவது அவன்தான்.

அறிக்கை வரப் பத்து நாளாகும்.
பிக்ரியா விழித்ததும் தண்ணீர் கேட்டாள்,
கடிதத்தைப் பற்றிக் கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும்,
போகாத கடிதத்துக்கு ஏது ரசீது?

மறுநாள் காலை.
நீராவியில் வெந்து வந்த கத்தரி
உறையைப் பிரிக்கையில் இன்னும் இளஞ்சூடு.
நேற்று எதைத் தொட்டாய் என்று
யாரும் அதைக் கேட்கவில்லை.
லமாரா அதைத்தான் முதலில் எடுத்து
நீலத் துணியில் வைக்கிறாள்.